600 வாட் டிம்மபிள் பேலஸ்ட்: ஏற்காட்டுக்குச் சரி, சேலத்துக்கு யோசிக்க வேண்டும்

சோடியம் விளக்கை ஓட்டும் பேலஸ்ட்டின் நாபை 50 சதவீதத்துக்குத் திருப்பினால் மீட்டர் ஓட்டம் பாதியாகும். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய்விடும். டிம்மபிள் பேலஸ்ட், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோக், வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேல் எத்தனையோ அச்சடித்திருக்கும், இது இருக்காது.

இங்கே பார்ப்பது செடி வளர்ப்புக்கான 600 வாட் சோடியம் விளக்கை ஓட்டும் எலக்ட்ரானிக் பேலஸ்ட். அலுமினியக் கூடு, வெளியே சூடு தணிய வரிவரியாக ஃபின் (தகடு), முன்பக்கம் 50, 60, 75, 100 என்று ஒரு நாப். சில மாடல்களில் 'சூப்பர் லூமென்' என்று இன்னொரு நிலையும் உண்டு. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பெரும்பாலும் ஒரே வழியில் வேலை செய்வதுதான். ஏற்காட்டில் பசுமைக்குடிலுக்குள் நாற்றும் ஆர்க்கிட்டும் வளர்ப்பவருக்கு இது உதவும். சேலத்தில் மூடிய அறைக்குள் லெட்யூஸ் வளர்ப்பவருக்கு அநேகமாக உதவாது. காரணம் நாபில் இல்லை, வெயிலில் இருக்கிறது.

நம் ஊர் எலக்ட்ரீஷியன் பாஷையில் பேலஸ்ட் என்றால் சோக். சோடியம் விளக்கின் குழாய்க்குள் ஒருமுறை மின்சாரம் பாய ஆரம்பித்துவிட்டால் அதன் தடை இறங்கிக்கொண்டே போகும். கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால் கரண்ட் தறிகெட்டு ஏறி விளக்கே வெடித்துவிடும். அந்தக் கடிவாளம்தான் சோக். சோடியம் தெருவிளக்கில் இருப்பது இரும்பும் செம்புக் கம்பியும் சேர்ந்த கனமான சோக், கூட விளக்கைப் பற்றவைக்கும் ஒரு இக்னைட்டர், ஒரு கெப்பாசிட்டர். எலக்ட்ரானிக் பேலஸ்ட் இதே வேலையை செமிகண்டக்டர் வைத்துச் செய்கிறது.

மின்செலவில் எவ்வளவு வித்தியாசம்? 600 வாட் விளக்கை இரும்பு சோக்கில் ஓட்டினால் மொத்தம் 660 வாட் வாக்கில் இழுக்கும். நல்ல எலக்ட்ரானிக் பேலஸ்ட் 630 வாட் இழுக்கும், அதாவது 95 சதவீதத் திறன். தினம் 12 மணி நேரம், மாதம் 30 நாள் எரித்தால் சோக்குக்கு 238 யூனிட், எலக்ட்ரானிக்குக்கு 227 யூனிட். வித்தியாசம் 11 யூனிட்தான். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 100 ரூபாய் தேறும். சோக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மாட்டினாலே பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை, காட்டி விற்பதும் நடக்கிறது. கெப்பாசிட்டர் இல்லாத 600 வாட் சோக் 6 ஆம்பியர் இழுக்கும், எலக்ட்ரானிக் 2.8 ஆம்பியர்தான் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது யூனிட்டை, ஆம்பியரை அல்ல. கரண்ட் குறைவதால் ஒயரும் சுவிட்சும் சூடாகாது, ஒரே லைனில் அதிக விளக்கு போடலாம். அது நல்ல லாபம்தான், ஆனால் பில்லில் தெரியாது. சோக்கிலேயே இந்தக் கரண்டைக் குறைக்க வேண்டுமானால் 65 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போதும்.

எலக்ட்ரானிக்கின் உண்மையான பலம் வோல்டேஜில் தெரிகிறது. சாயங்காலம் 230 வோல்ட் 205-க்கு இறங்கும் லைன்கள் மலையிலும் சரி, சேலத்தைச் சுற்றிய கிராமங்களிலும் சரி, புதிதல்ல. இரும்பு சோக்கில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் விளக்கின் பவர் 10 சதவீதத்துக்கு மேல் குறையும். 205 வோல்ட்டில் விளக்கு கால்வாசி சக்தியை இழந்து மங்கிப் போயிருக்கும், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எலக்ட்ரானிக் பேலஸ்ட் 200 வோல்ட்டிலும் 600 வாட்டைக் குறையாமல் கொடுக்கும். அதற்காகக் கரண்டை 3.2 ஆம்பியர் வரை ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். இதற்குத் தனியாக ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு.

இனி நாப். 600 வாட் சோடியம் விளக்கு முழு சக்தியில் சுமார் 90,000 லூமென் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) தரும். 75-இல் வைத்தால் 475 வாட் இழுக்கும், வெளிச்சம் ஏறக்குறைய 68 சதவீதம். 50-இல் வைத்தால் 325 வாட் இழுக்கும், வெளிச்சம் 35 முதல் 40 சதவீதம்தான், அதாவது 33,000 லூமென் அளவு. இப்போது தெருவிளக்கு வகை 250 வாட் சோடியம் விளக்கை எடுத்துப் பாருங்கள். அதே 32, 33 ஆயிரம் லூமெனை அது சாதாரண சோக்கில் 275 வாட்டுக்கே கொடுத்துவிடுகிறது. செடிக்கு லூமென் சரியான அளவுகோல் அல்ல, ஆனால் ஒரே வகை விளக்கை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

ஏன் இப்படி? சோடியம் ஆவியின் அழுத்தம் குழாயின் சூட்டைப் பொறுத்தது. பவரைக் குறைத்தால் குழாய் ஆறும், ஆவியின் அழுத்தம் இறங்கும், நிறமாலை குறுகி மஞ்சள் பக்கம் ஒதுங்கும். குழாயைச் சூடாக வைத்திருக்கவே ஒரு பங்கு சக்தி எப்போதும் போய்க்கொண்டிருக்கும். வெளிச்சம் குறைந்தாலும் அந்தப் பங்கு அதே விகிதத்தில் குறையாது.

ஆகவே எப்போதும் 50-இலேயே ஓட்டப் போகிறேன் என்பவர் இந்தப் பேலஸ்ட்டை வாங்கவே கூடாது. 250 வாட் செட் வாங்குங்கள். விலையும் குறைவு, ஒரு விளக்குக்கு மாதம் 18 யூனிட்டும் மிச்சம். எப்போதும் 75-இல்தான் என்றால் 400 வாட் செட். டிம்மர் என்பது நாளுக்கு நாள் தேவை மாறுகிற இடத்துக்கான பொருள்.

அப்படி மாறுகிற இடம் ஏற்காடு. ஆடியில் ஆரம்பித்து மார்கழி வரை பனிமூட்டம் எப்போது இறங்கும், எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மூடியிருக்கும் மேகம் 11 மணிக்குக் கலைந்து, 2 மணிக்குத் திரும்பவும் வந்து உட்காரும். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் விளக்கை அணைத்துவிடுவதை விடப் பெரிய சிக்கனம் எதுவும் இல்லை. நாள் முழுக்க மூட்டமென்றால் 100-இல் ஓட்ட வேண்டியதுதான். மேகம் வந்து வந்து போகிற நாள்தான் சிக்கல். சோடியம் விளக்கை டியூப்லைட் மாதிரி அணைத்து அணைத்துப் போட முடியாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் அதன் ஆயுளைத் தின்னும், முழு வெளிச்சம் வர நாலைந்து நிமிடமாவது ஆகும். அந்த நாளில் 60-இல் வைத்து ஓடவிட்டு, மூட்டம் கனத்தால் 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம். நாபின் விலைக்கு நியாயம் இங்கேதான் கிடைக்கிறது.

ஸ்டார்ட் ஆவதைப் பக்கத்தில் நின்று வாட் மீட்டரோடு பார்ப்பது நல்லது, பேலஸ்ட்டின் தரம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவிட்ச் போட்டதும் உள்ளே ரிலே 'டிக்' என்று விழும். ஓரிரு விநாடி அமைதி. பிறகு குழாயின் நடுவில் நீலம் கலந்த வெளிறிய ஒளி. அது மெல்லச் சிவந்து, ஆரஞ்சாகி, கடைசியில் தங்க மஞ்சளில் நிலைக்கும். மீட்டர் எண் படிப்படியாக ஏறி 630 அருகே நின்று, அசையாமல் இருக்க வேண்டும். 600-க்கும் 650-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தாலோ, குழாய்க்குள் ஒளிக்கீற்று பாம்பு போல் நெளிந்தாலோ அந்தப் பேலஸ்ட்டின் அதிர்வெண் அந்த விளக்குக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். உயர் அதிர்வெண்ணில் ஓடும் பேலஸ்ட்களில் குழாய்க்குள் இருக்கும் வாயு ஒலி அலை போல அதிர்ந்து ஒளியைக் கலைக்கும். இதை அப்படியே விட்டால் குழாய் விரிசல் விடும். வேறு பிராண்ட் விளக்கு போட்டுப் பாருங்கள், அப்போதும் நெளிந்தால் பேலஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய விளக்கை முதல் 100 மணி நேரம் 100-இலேயே எரிக்க வேண்டும். அதன் பிறகும் தினமும் ஸ்டார்ட் ஆனதும் 15 நிமிடம் முழு சக்தியில் ஓடி, அப்புறம்தான் குறைய வேண்டும். நல்ல பேலஸ்ட்கள் நாப் எங்கே இருந்தாலும் இதைத் தாமே செய்துகொள்ளும். மலிவானவை செய்யாது, 50-இல் வைத்துப் போட்டால் 50-இலேயே ஸ்டார்ட் செய்யப் பார்க்கும், விளக்கின் முனைகள் சில மாதத்தில் கறுத்துவிடும். கடையிலேயே நாபை 50-இல் வைத்து ஆன் செய்து மீட்டரைப் பாருங்கள். சில நிமிடத்தில் 500-ஐத் தாண்டி ஏறிவிட்டுப் பிறகு இறங்கினால் சரி.

சூப்பர் லூமென் நிலையைத் தொட வேண்டாம். 600 வாட்டுக்குச் செய்த குழாயில் 660, 690 வாட்டைத் திணிப்பது அது. மெட்டல் ஹாலைடு விளக்கு போடுகிறவர்கள் நாபை 75-க்குக் கீழே இறக்க வேண்டாம், நிறமும் போகும், விளக்கும் போகும். 600 வாட் பேலஸ்ட்டில் 400 வாட் விளக்கை மாட்டி நாபைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற யோசனை இன்னும் ஆபத்து: மேலே சொன்ன 15 நிமிட முழு சக்தி அந்த 400 வாட் விளக்கின் மேல்தான் இறங்கும். விளக்கின் அளவைத் தேர்ந்தெடுக்கத் தனி சுவிட்ச் இருக்கும் மாடலில் மட்டுமே இதைச் செய்யலாம்.

சேலத்துக் கதை வேறு. சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 டிகிரி. பெரும்பாலான பேலஸ்ட்களின் லேபிளில் சுற்றுப்புற வெப்ப வரம்பே 40 டிகிரிதான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது சர்வீஸ் செய்பவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஓட்டு வீட்டு மச்சிலோ ஷீட் போட்ட ஷெட்டிலோ மாட்டினால் ஐந்து வருடம் ஓட வேண்டியது இரண்டு வருடத்தில் தலை உப்பி நிற்கும்.

அதைவிடப் பெரிய செலவு ஏசி. 4 விளக்கு என்றால் 2,520 வாட். மூடிய அறையில் அத்தனையும் கடைசியில் சூடாகவே மாறும். மணிக்கு 8,600 பிடியு, முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதை வெளியேற்ற ஏசி இன்னொரு 840 வாட் தின்னும். இங்கே நாபைக் குறைத்தால் ஏசி செலவும் சேர்ந்து குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறைவதால் ஒரு கிலோ லெட்யூஸுக்கு ஆகும் யூனிட் கூடத்தான் செய்யும். நாபைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றுவது. ராத்திரி 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை எரியவிட்டால் வெளிக்காற்று 10 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கும், பல மாதங்களில் எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். மூடிய அறைக்குள் செடிக்குப் பகலும் இரவும் நாம் சொல்வதுதான். பேலஸ்ட்டை அறைக்கு வெளியே வையுங்கள், ஒன்றுக்கு 30 வாட் சூடு வெளியே போகும்.

ஏற்காட்டில் இதே சூடு வரம். மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும் குடிலில், விடியற்காலை விளக்கு எரிந்தால் இலையின் மேல் இருக்கும் பனித்துளி காயும், பூஞ்சை குறையும். அந்த நேரத்தில் ஒரு வாட்டும் வீணில்லை.

ஆனால் மலையில் வேறு இரண்டு எதிரிகள் உண்டு: ஈரமும் எர்த்தும். எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. பல தோட்டங்களில் மூன்று அடி தோண்டினாலே கல் இடிக்கும், எர்த் ராடு இறங்காது. பாதியில் நின்ற ராடை வெட்டிவிட்டு ஒயரைச் சுற்றி வைத்திருப்பார்கள். எலக்ட்ரானிக் பேலஸ்ட்டின் உள்ளே இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்து பாடிக்கு இணைத்த சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் சரியாக இல்லாவிட்டால் கூட்டின் மேல் 100 வோல்ட்டுக்கு மேல் மிதக்கும். ஈரக்கையால் ஃபின்னைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது போல ஒரு நமைச்சல் வரும். அதை 'லேசாத்தான் இழுக்குது' என்று விட்டுவிடுகிறார்கள். ஈரத் தரையில், தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தில் அப்படி விடக் கூடாது. ராடு இறங்காத இடத்தில் மண் இருக்கிற பக்கமாக நீளப் பள்ளம் வெட்டி, ஜிஐ பட்டையைப் படுக்கையாகப் புதைத்து, சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி.

இதே கசிவுதான் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) காரணமில்லாமல் விழுவதற்கும் வேர். ஒவ்வொரு பேலஸ்ட்டும் ஓரிரு மில்லி ஆம்பியர் கசியவிடும், சிலது 3 வரை போகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒன்றின் கீழ் 4 பேலஸ்ட்டோடு நிறுத்துங்கள். விழுகிறதே என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட வேண்டாம்.

4 விளக்கு லைனுக்கு 2.5 ஸ்கொயர் ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி. அந்த எம்சிபி சி வகையாக இருக்கட்டும். ஆன் ஆகும் கணத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்ப ஒரு பெரிய கரண்ட் பாயும், பி வகை அதற்கே விழுந்துவிடும். 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சின்ன பிளக் டைமரை நம்பி 4 பேலஸ்ட்டை மாட்டினால் டைமரின் காண்டாக்ட் அந்தக் கணத்தில் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கு ராத்திரி பகலாக அணையாமல் எரியும், டைமர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். டைமர் ஒரு காண்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) இயக்கட்டும், காண்டாக்டர் விளக்கை இயக்கட்டும்.

பேலஸ்ட்டிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரில் ஸ்டார்ட் ஆகும்போது சில ஆயிரம் வோல்ட் துடிப்பு பாயும். சாதாரண வீட்டு ஒயர் சில மாதங்களில் அந்த இடத்தில் கருகும். கூடவே வரும் ஷீல்டு உள்ள கேபிளையே போடுங்கள், 5 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். ஷீல்டு இல்லாவிட்டால் அந்த ஒயரே ஏரியல் ஆகிவிடும், பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோ கரகரக்கும். ஹோல்டர் இ40 கோலியாத், பீங்கானில், 5 கிலோவோல்ட் துடிப்பைத் தாங்கும் வகை.

கரண்ட் போய் வந்தால் விளக்கு உடனே எரியாது. சூடான குழாய் ஆறும்வரை நல்ல பேலஸ்ட் சில நிமிடம் காத்திருந்து மறுபடி முயலும். மலிவானது உடனே அடிக்க ஆரம்பித்து விடாமல் அடிக்கும், சீக்கிரமே செயலிழக்கும். சித்திரை மாத இடி மழையில் மலை லைனில் வரும் சர்ஜ் இன்னொரு காரணம். மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் போட்டுவிடுவது ஒரு பேலஸ்ட்டின் விலையை விட மிகக் குறைவு. ஆனால் எர்த் சரியில்லாமல் அதுவும் வேலை செய்யாது.

ஈரத்துக்கு: பேலஸ்ட்டைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்புயரத்துக்கு மேல், ஃபின் செங்குத்தாக நிற்கும்படி, இரண்டுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஏற்காட்டுக்கு உள்ளே பிசின் ஊற்றி அடைத்த மாடல் நல்லது; மூட்டம் உள்ளே புகாது, ஆனால் கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சேலத்துக்கு பிசின் இல்லாமல் திறக்கக்கூடிய, ஃபேன் இல்லாத மாடல். ஃபேன் ஓட்டை வழியே பல்லி புகுந்து போர்டின் மேல் செத்துக் கிடப்பது இங்கே சகஜம். திறக்கக்கூடியதில் கெப்பாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் மாற்ற இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்பவர்களே போதும். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் தேங்கியிருக்கும், பத்து நிமிடம் விட்டுத் திறங்கள்.

இரும்பு சோக்கை இங்கே குறைத்துப் பேச மனம் வரவில்லை. கம்பத்தின் மேல் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நின்று எரிய வைத்தது அது. இக்னைட்டர் போனால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். 250, 400 வாட் சோக் சோடியம் தெருவிளக்கின் பழைய புழக்கத்தால் இங்கேயே கிடைக்கும், 600 வாட் சாமான்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். வெளிநாட்டுச் சோக் வந்தால் லேபிளில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் அது கொதிக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். எல்இடியில் கதை தலைகீழ்: டிரைவரில் 0-10 வோல்ட் நாபைக் குறைத்தால் எல்இடி குளிர்ந்து, வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி கூடும். செடிக்குப் பயன்படும் ஒளியை ஒரு ஜூல் மின்சக்திக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அளப்பார்கள்; 600 வாட் சோடியம் செட் 1.7 அளவு தரும். நல்ல செடி வளர்ப்பு எல்இடி 2.5-க்கு மேல். அதை உடனே அணைக்கலாம், உடனே போடலாம், மேகத்துக்குத் தகுந்தபடி ஆட்டலாம். சாமந்திக்கு ராத்திரியில் வெளிச்சம் காட்டிப் பகலை நீட்டுவது மட்டும்தான் வேண்டும் என்றால் சாதாரண 9 வாட் எல்இடி பல்புகளை வரிசையாகத் தொங்கவிட்டாலே போதும், அதற்கு 600 வாட் விளக்கு யானையைக் கட்டித் தீனி போடுவது.

ஏற்கெனவே ரிஃப்ளெக்டரும் சோடியம் விளக்கும் வைத்திருக்கும் மலைக்காரர்கள் வாங்கலாம். போகும்போது உங்கள் விளக்கையும் ஒரு வாட் மீட்டரையும் கையோடு கொண்டு போங்கள். நான்கு நிலையிலும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகி, அது காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் எடுக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.